டயர்க்காரர் தலைக்குப் பின்னால்

ஃபெர்மின் ஒலாகே என் காரேஜுக்குக் குடிவந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவன் என்றால் அவனுடைய டி-சர்ட் கம்பெனி. தூங்குவதற்கு இரண்டு தெரு தள்ளி அவன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவான். பகல் முழுக்க மை வாசனையும் அவன் பாட்டும் என் சமையலறை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். மை வாசனையைத் தாங்கிக்கொள்ளலாம்.

ஒல்லியான உடம்பு. தெருவில் நடந்தால் தரையையும் சுவரையும் பார்த்துக்கொண்டேதான் நடப்பான். பார்க்கிறவர்கள் இவன் எதையோ தொலைத்துவிட்டான் என்று நினைப்பார்கள். உண்மையில் அவன் தேடிக்கொண்டிருப்பான். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் நாங்கள் தினமும் மிதித்துப் போகிற சாமான்தான் அவனுக்குச் சட்டை. கம்பெனிக்கும் நடைபாதை என்றுதான் பேர் வைத்திருக்கிறான்.

முதலில் வரைந்தது முடிவெட்டுகிற கடை வாசலில் கிடந்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கால் உடைந்து, கம்பி சுற்றி நிற்க வைத்திருந்தார்கள். அதை முதுகு முழுக்கப் பெரிதாக அச்சடித்தான். "இதை எவன்டா வாங்குவான்?" என்று கேட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் வாசலிலிருந்து மூலைவரை வரிசை நின்றது. சான் டியேகோவிலிருந்து வந்த ஒருத்தன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுக்கப் போய், கம்பி அறுந்து மல்லாக்க விழுந்தான். விழுந்தவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் சலவைக்கடையில் எப்போதும் கெட்டுப்போய் நிற்கிற ஒன்பதாம் நம்பர் இயந்திரம். அப்புறம் சோளக்கதிர் வண்டிக்காரரின் ரப்பர் ஹாரன். அப்புறம் மொட்டைமாடியில் நின்று தபால் வண்டியை மட்டும் பார்த்துக் குரைக்கிற கேப்டன் என்ற நாய். அந்த நாய்க்காரி, "என் கேப்டனுக்கு ஒரு சட்டை தராம நீ எப்படி விக்கலாம்?" என்று சண்டைக்கு வந்தாள். தந்தான். நாய் அதைப் போட்டுக்கொண்டு தபால் வண்டியைப் பார்த்து இன்னும் அதிகமாகக் குரைத்தது.

அவனுக்கு இரண்டு சட்டம் உண்டு. எந்தப் படமும் ஆறு டஜன்தான். அது தீர்ந்ததும் அச்சடிக்கிற ஸ்கிரீனைக் கழுவி விடுவான், மறுபடி அச்சடிக்க மாட்டான். இரண்டாவது, யாருடைய பொருளாக இருந்தாலும் கேட்டுத்தான் வரைவான், முதல் சட்டை அவர்களுக்குத்தான். இந்த இரண்டாவது சட்டத்தால்தான் தெரு அவனை நம்பியது. வெளியிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நாங்கள் முறைத்து அனுப்பிவிடுவோம். ஃபெர்மின் வந்தால், "எங்க வீட்டு கேட்டைப் பாத்தியா? துரு எப்படிப் பிடிச்சிருக்கு பாரு, அழகா!" என்று கூப்பிட்டுக் காட்டுவார்கள். அந்த நம்பிக்கை போனால் அவனுக்குக் கம்பெனி இல்லை. அவனிடம் வேறு சரக்கு கிடையாது.

இதையெல்லாம் ஆரம்பிப்பதற்கு முன் எட்டு வருஷம் அவன் ஒரு பெரிய அச்சுக்கடையில் வேலை பார்த்தான். பள்ளிக்கூடப் பந்தாட்டச் சட்டை, தேவாலயத் திருவிழாச் சட்டை, எல்லாவற்றையும் விட அதிகமாக இறந்தவர் சட்டை. எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால் அடக்கத்துக்கு முன்பே சட்டை வந்துவிடும். நடுவில் அவர் முகம், பின்னால் நீல வானம், மேகம், இரண்டு புறா, தலையைச் சுற்றிப் பொன் வட்டம். குடும்பம் மொத்தமும் அதைப் போட்டுக்கொண்டுதான் கல்லறைக்குப் போகும். அப்படி ஆயிரம் பேருக்கு மேகம் போட்டவன் ஃபெர்மின். அதனால்தான் அவன் செய்ததை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. மன்னித்துவிட்டேன், அது வேறு விஷயம்.

எவரிஸ்தோ கெசாதா எங்கள் தெரு முனையில் டயர்க்கடை வைத்திருக்கிறார். எழுபத்தோரு வயது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் டெக்சாஸ் போய், இவர் மட்டும் கடை வாசலில் இரும்பு நாற்காலி போட்டு முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். போகிற காரை நிமிர்ந்து பார்க்க மாட்டார். சத்தத்தை வைத்தே, "பின்னாடி இடது பக்கம் காத்து கம்மி" என்பார். கோபம் சட்டென்று வரும், சட்டென்று போகவும் போகாது. எதிரில் சைலன்சர் கடை வைத்திருக்கிற லியான்ட்ரோவோடு ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. காரைத் தூக்குகிற ஒரு ஜாக்கி காணாமல் போனதுதான் காரணம். "நீதான் எடுத்த" என்று இவர், "நான் எடுக்கல" என்று அவன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் தெருவின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

போன வருஷம் வசந்த காலத்தில் ஃபெர்மின் அவரிடம் போய் நின்றான்.

"ஐயா, உங்கள வரையட்டுமா?"

"என்னையா? டயரை வரைடா. அதுக்கு மூக்கு கிடையாது, உனக்கு மை மிச்சம்."

"நீங்க எப்பவும் உக்காந்திருக்கிற மாதிரியே, அப்படியே வரையறேன்."

"அப்படியேன்னா வரைஞ்சுக்கோ. கூட்டிக் குறைச்சு எதையாவது போட்ட, டயருக்குள்ள வச்சுக் காத்தடிச்சிருவேன்."

ஃபெர்மின் மூன்று வாரம் எதிர்ப்பக்கம் நின்று வரைந்தான். படம் சட்டையில் ஏறியது. முதல் சட்டையைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி அவருக்கென்று அலமாரியில் வைத்தான். அந்த நேரம் பார்த்து எவரிஸ்தோ கடையைப் பூட்டிவிட்டு ஃபிரெஸ்னோவுக்குப் போய்விட்டார். தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன். போகிறதுக்கு முந்தின நாள் அவருடைய போன், டியூபில் ஓட்டை பார்க்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்திருந்தது. அவர் ஊருக்குப் போன விஷயம், பஸ் ஏறும்போது பார்த்த ஃபெர்மினுக்கு மட்டும்தான் தெரியும். கிழவர் யாரிடமும் சொல்லிக்கொண்டு போகிற ஆள் இல்லை.

சனிக்கிழமை காலையில் சட்டைகள் பதினொரு மணிக்குள் தீர்ந்துவிட்டன. மிச்சப் பழைய சரக்கை வேனில் ஏற்றிக்கொண்டு ஃபெர்மின் இரண்டு நாள் சந்தைக்கு லாஸ் வேகஸ் போனான்.

மத்தியானம் ரொட்டிக்கடை எர்லிண்டா மாவுக் கையோடு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். "குக்கா அம்மா, எவரிஸ்தோ போயிட்டாரு!"

"எங்க போயிட்டாரு?"

அவள் மேலே கையைக் காட்டினாள்.

நான் வெளியே வந்து பார்த்தேன். ஒரு பையனும் ஒரு பெண்ணும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்து போனார்கள். நடுவில் எவரிஸ்தோவின் முகம். பின்னால் நீல வானம், வெள்ளை மேகம். தோளுக்குப் பக்கத்தில் இரண்டு புறா. தலையைச் சுற்றிப் பொன் வட்டம். கீழே ஏதோ எழுத்து இருந்தது. எனக்கு எழுத்து தெரியாது. டயர்க்கடை என்று மட்டும்தான் அதில் எழுதியிருந்தது என்று பிற்பாடு எல்லோரும் என்னைக் குத்திக் காட்டினார்கள். எழுத்து தெரிந்த எர்லிண்டாவும் அதைப் படிக்கவில்லையே! மேகம் போட்ட சட்டையில் எழுத்தை யார் படிப்பார்கள்?

கடையும் பூட்டிக் கிடந்தது. போன் போட்டால் எடுக்கவில்லை. ஃபெர்மினுக்குப் போட்டோம்; வழியிலும் சரி, சந்தை இரைச்சலிலும் சரி, அவனும் எடுக்கவில்லை. "ஃபெர்மின் போட்டிருக்கான்னா விசாரிக்காமலா போட்டிருப்பான்?" என்றாள் எர்லிண்டா. எவரிஸ்தோ செத்தார் என்று முதலில் சொன்னது அவள்தான். நான் ஜெபமாலையை மட்டும்தான் எடுத்தேன்.

சாயங்காலமே அவர் கடை வாசலில் ஒன்பது நாள் ஜெபம் ஆரம்பித்துவிட்டோம். முதல் நாள் பன்னிரண்டு பேர், இரண்டாம் நாள் நாற்பது பேர். பூட்டிய ஷட்டருக்கு முன்னால் மெழுகுவர்த்தி, சாமந்தி, சோளமாவில் அவித்த டமாலே ஒரு தட்டு. புறாக்கள் அந்த டமாலேயை விடவில்லை. யாரோ டயர்களை அடுக்கி நடுவில் பூ நட்டுவிட்டார்கள். உயிரோடிருந்தபோது அவரைப் பார்த்தால் தெரு மாறிப் போனவர்களெல்லாம், "என்ன மனுஷன்! என்ன மனுஷன்!" என்றார்கள்.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை, ஐந்து மணி. ஜெபம் பாதியில் இருந்தது. லியான்ட்ரோ தெருவைக் கடந்து வந்தான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. வேலை உடுப்புக்கு மேலே அந்தச் சட்டையைப் போட்டிருந்தான். வாங்கின பையன் ஒருத்தனின் கார் சைலன்சரைச் சும்மா ஒட்டிக் கொடுத்துவிட்டுக் கழற்றி வாங்கினானாம். மெழுகுவர்த்திக்கு முன்னால் மண்டியிட்டு அழ ஆரம்பித்தான்.

"எவரிஸ்தோ! அந்த ஜாக்கிய எடுத்தது நான்தான்டா! என் ஷெட்டுல, தார்ப்பாய்க்குக் கீழ இருக்கு. கேட்டிருந்தா குடுத்திருப்பேன். நீ கேக்கல, திட்டின. என்னை மன்னிச்சிருடா!"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கு அது ஒன்பது வருஷமா தெரியும்டா, திருட்டுப் பயலே."

எவரிஸ்தோ. கையில் பை, ஃபிரெஸ்னோ பஸ்ஸிலிருந்து இறங்கின கோலம். எர்லிண்டா கத்தின கத்தலில் கேப்டன் மொட்டைமாடியிலிருந்து குரைத்தது. லியான்ட்ரோ மண்டியிட்டபடியே பின்னால் நகர்ந்து ஒரு மெழுகுவர்த்தி மேல் உட்கார்ந்துவிட்டான். நான் எழுந்திருக்கவில்லை. ஜெபமாலையில் அந்தப் பத்து மணிகளையும் உருட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். பாதியில் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அதே நேரத்தில்தான் ஃபெர்மினுடைய வேன் வந்து நின்றது. அவன் இறங்கினான். பூவைப் பார்த்தான், மெழுகுவர்த்தியைப் பார்த்தான், லியான்ட்ரோவின் நெஞ்சைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"ஐயா... நான் இருந்ததத்தான் வரைஞ்சேன்."

"எங்கடா இருந்தேன்? மேகத்துலயா? இத்தனை வயசுக்கு மேல எனக்கு மேகமும் புறாவும் போட்டு நாலு தெருவுக்கு அனுப்பியிருக்க! இனி சாவு சும்மா போகுமா? கூப்பிட்டுட்டியே! கூட்டிக் குறைச்சுப் போடாதன்னு சொன்னேனா இல்லையா?"

"கூட்டல ஐயா, சத்தியமா..."

"எழுபத்திரண்டும் எனக்குத் திரும்பி வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் இந்தத் தெருவுல ஒரு மூஞ்சிய, ஒரு நாயை, ஒரு நாற்காலிய நீ தொடக்கூடாது. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். எர்லிண்டாதான் முதலில் தலையை ஆட்டினாள். அடுத்த படம் அவளும் அவளுடைய இளஞ்சிவப்பு கேக் பெட்டியும் என்று பேசியிருந்தது. "என்னைப் போடாத தம்பி. எனக்கு சுகர் இருக்கு" என்றாள்.

அந்த வாரம் ஃபெர்மின் பாடவில்லை. சட்டை வாங்கினவர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கெஞ்சினான். பணத்தைத் திருப்பித் தருகிறேன், வேறு இரண்டு சட்டை தருகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தான். வியாழக்கிழமைவரை அவன் கைக்குத் திரும்பி வந்தது நான்கு. அவரைச் சாகடித்த சட்டை என்று தெரிந்ததும் மற்றவர்கள் அதை உயிர்போல் வைத்துக்கொண்டார்கள். லியான்ட்ரோவிடம் போனான்.

"தர மாட்டேன் போ," என்றான் லியான்ட்ரோ. "இதப் போட்டுக்கிட்டுத்தான் நான் அழுதேன். அந்த அழுகைய அவன் எனக்குத் திருப்பித் தருவானா? ஜாக்கிய வேணா எடுத்துட்டுப் போகச் சொல்லு."

ஃபெர்மின் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். பீன்ஸ் வைத்தேன்; தொடவில்லை.

"குக்கா அம்மா, நான் பழைய அச்சுக்கடைக்கே போயிடலாம்னு பாக்கறேன்."

"மேகம் போடவா?"

"அங்கயாவது செத்தவங்களுக்குப் போடுவேன்."

"ஆயிரம் பேருக்குப் போட்டியேடா, இது உன் கண்ணுல எப்படிடா படாமப் போச்சு?"

"அங்க மேகம் கம்ப்யூட்டர்ல ரெடியா இருக்கும். அமுக்கினா வந்துடும், நான் அதைப் பாத்ததே இல்ல. இங்கதான் முதல் தடவையா ஒரு மேகத்தை நானே பாத்து வரைஞ்சேன்."

"எங்க பாத்த?" என்றேன்.

"அவர் பின்னாடிதான்" என்றான். எனக்குச் சிரிப்பாக வந்தது. நானும் முப்பது வருஷமாக அந்த வழியாகத்தான் நடக்கிறேன். எவரிஸ்தோ பின்னால் சுவர் இருக்கும். சுவரில் என்ன இருக்கும் என்று யார் பார்த்தார்கள்?

எவரிஸ்தோவின் பாடும் சரியில்லை. கடையைத் திறந்து வைத்தாலும் ஆள் வரவில்லை. பக்கத்துத் தெருக்காரர்களுக்கு அவர் திரும்பி வந்த செய்தி போய்ச் சேரவில்லை, செத்த செய்தி மட்டும் போயிருந்தது. வழக்கமாக வருகிற லாரிக்காரன் கடையைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொண்டு போனான். "டேய், நிறுத்துடா!" என்று இவர் கத்தினார். அவன் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினான். உயிரோடிருப்பதைக் காட்ட ஒரே வழி என்று வாசலில் அசையாமல் உட்கார்ந்துகொண்டார். அசையாமல் உட்கார்ந்ததுதான் தப்பு.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பெண் பழைய பச்சைக் காரில் வந்தாள். எங்கள் பக்கத்து ஆள் இல்லை. வாரக்கடைசிக்கு அண்ணனைப் பார்க்க வந்தவள். அந்த அண்ணன் சட்டை வாங்கினவன். கடையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். சட்டையில் பார்த்த செத்த மனுஷர் வானத்துக்கு முன்னால், பொன் வட்டத்தோடு, இரண்டு புறாவோடு உட்கார்ந்திருக்கிறார். அலறிக்கொண்டே காரை நடைபாதை விளிம்பில் ஏற்றிவிட்டாள். டயர் வெடித்தது. வெடித்த சத்தத்தில் செத்த மனுஷர் துள்ளி எழுந்து, "முன்னாடி வலது!" என்றார்.

நான் அப்போது ரொட்டிக்கடை வாசலில்தான் நின்றேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

அவள் இறங்கினாள். எவரிஸ்தோ சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். ஜாக்கி வேண்டியிருந்தது, எதிர்ப்பக்கத்திலிருந்து லியான்ட்ரோ ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான். அந்த ஒன்பது வருஷத்து ஜாக்கி.

"நீங்க சாமியோ பேயோன்னு பயந்துட்டேன் ஐயா," என்றாள் அந்தப் பெண். "அந்தப் படத்துல இருக்கிற மாதிரியே அச்சு அசலா உக்காந்திருந்தீங்க."

"எந்த மாதிரி? படத்துல மேகம்ல இருக்கு! நான் தரையில இருக்கேன்."

"இங்கயும் மேகம் இருக்கே ஐயா. உக்காருங்க, காட்டறேன்."

கிழவர் முறைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் தெருவின் எதிர்ப்பக்கம் போய்ப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

அந்தக் கடை அவர் வாங்குவதற்கு முன்பு குழந்தைகள் பிறந்தநாளுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற இடமாக இருந்தது. ஷட்டரைத் தூக்கினால்தான் தெரிகிற உள்சுவர் முழுக்க நீல வானமும் வெள்ளை மேகமும் அப்போது அடித்தது, அப்படியே இருந்தது. அதன் மேல் ஆணியில் ஒரு டயர் தொங்கியது. பழைய கார்களைத் தாழ்த்தி அலங்கரித்து ஓட்டுகிறவர்கள் போடுவார்களே, வெள்ளைக் கரை போட்டது, அந்த வகை. அளவு சரியில்லாமல் யாரும் வாங்காததால் வெள்ளை மஞ்சளேறிப் பொன் மாதிரி ஆகியிருந்தது. சரியாக அவர் தலைக்குப் பின்னால். புறா இரண்டும் அவர் போடுகிற ரொட்டித் துணுக்குக்காகத் தினமும் வருகிறவை. எல்லாம் அங்கேயே இருந்தது. முப்பது வருஷமாக அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

எவரிஸ்தோ போனைப் பார்த்தார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"அந்த டயரு," என்றார் கடைசியில், "நல்லாத்தான் இருக்கு."

சக்கரத்தை மாட்டி முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு நேராக என் காரேஜுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். என் காரேஜ், நான் போகாமல் யார் போவது? ஃபெர்மின் ஸ்கிரீன்களை அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"நாலுதான் ஐயா கிடைச்சது. உங்களுக்கு எடுத்து வச்சது போக மிச்சம் அறுபத்தேழு..." என்று ஆரம்பித்தான்.

"எனக்குன்னு எடுத்து வச்சது எங்க?"

ஃபெர்மின் அலமாரியிலிருந்து பழுப்புக் காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். கிழவர் பிரித்தார். சட்டையை விரித்துக் கண்ணுக்குக் கிட்டத்தில், தூரத்தில், மறுபடி கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"மூக்கு பெருசு."

"அது... அப்படியே வரைஞ்சேன் ஐயா."

"அதான் சொல்றேன். பெருசுன்னு எனக்கு எவனும் சொன்னதில்ல." வேலைச் சட்டைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டார். "செத்தவன் தன்னோட சட்டையத் தானே போட்டுக்கிட்டு நடக்க மாட்டான். ஊருக்கு அது போதும். அந்தப் பெட்டியைப் பிரி. தெருவுல வரையறதுக்கு ஒருத்தன் வேணும்ல?"

போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பி, "பாட்டு மட்டும் வேணாம்" என்றார். அதில் நானும் அவரும் ஒரே கட்சி.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாம் நாள் ஜெபம். நான் நிறுத்தவில்லை. ஆள் உயிரோடு வந்துவிட்டாரே, இனி எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். ஆரம்பித்தது ஒன்பது நாள். ஒன்பது நாள்தான் சொல்லுவேன், அவர் இருந்தால் எனக்கென்ன, போனால் எனக்கென்ன? மேகத்தைப் போட்டால் ஜெபம் வரும் என்று ஃபெர்மினுக்கும் தெரியட்டும்.

எவரிஸ்தோ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் லியான்ட்ரோ, அதே சட்டையில். அவருடைய ஆத்துமாவுக்காக நாங்கள் சொன்ன ஒவ்வொரு ஜெபத்துக்கும் அவர்தான் எல்லோரையும் விடச் சத்தமாகப் பதில் சொன்னார்.

"அக்கா," என்றார் இடையில், "இது இப்பவே பலிக்குமா, இல்ல அங்க போனப்புறமா?"

"வாய மூடிக்கிட்டுச் சொல்லுங்க" என்றேன்.

முடிந்ததும் எர்லிண்டா சாக்லேட்டும் இனிப்பு ரொட்டியும் கொண்டுவந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் ஃபெர்மின் முன்னால் வந்து நின்றாள்.

"சரி, என்னையும் போடு."

"நிஜமாவா அக்கா? சுகர்?"

"அது இருந்துட்டுப் போகுது. ஆனா ஒண்ணு தம்பி. என் கவுன்ட்டருக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு முதல்ல நான் திரும்பிப் பாத்துக்கறேன். அப்புறம் நீ வா."